தமிழ் எழுத்து மட்டும் அளவு மாறவில்லை

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக் கடை ஒன்றுக்கு, லிப்ரே ஆபீஸின் ஆவணம் தட்டும் மென்பொருளான ரைட்டரில் தமிழும் மலையாளமும் கலந்த நோட்டீஸ். ஸ்டைலில் (எழுத்துரு, அளவு போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) அளவை 16 ஆக்கினால் ஆங்கிலம் மட்டும் பெருத்தது, தமிழ் அசையவில்லை. வரியைத் தேர்ந்து டூல்பாரில் மாற்றினால் மாறியது, அதுதான் குழப்பியது. எழுத்துருவை மறுபடி நிறுவியும் ரைட்டரின் அமைப்புகள் இருக்கும் புரொஃபைலை அழித்தும் மூன்று நாள் வீண்.

நம் மொழிகளுக்கு ரைட்டரில் தனிக் கணக்கு: 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்', சுருக்கமாக சிடிஎல். டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அதற்கு டிக் போட்டு, தமிழைத் தேர்ந்தேன். பிறகு எஃப்11 அழுத்தி, வரும் பட்டியலில் ஸ்டைல்மேல் வலது கிளிக், எடிட். ஃபான்ட் பக்கத்தில் புதிதாக சிடிஎல் பகுதி வந்திருந்தது. அங்கே நோட்டோ செரிஃப் தமிழ், 16. தீர்ந்தது.

மலையாளம் மட்டும் அந்த எழுத்துருவில் ஒட்டாமல் நின்றது. இரு மொழிக்கும் ஸ்டைலில் அந்த ஒரே சிடிஎல் இடம்தான். தமிழ் எழுத்துருவில் மலையாள எழுத்துகள் கிடையாது. மலையாள வரிகளுக்குத் தனி கேரக்டர் ஸ்டைல் (தேர்ந்த எழுத்துகளுக்கு மட்டுமான ஸ்டைல்) செய்து, சிடிஎல் எழுத்துருவாக மஞ்சரி என்ற மலையாள எழுத்துருவைக் கொடுத்தேன்.