ஊரிலிருந்து திரும்பும் நாள்: யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா வரை

ஊரில் ஆறுதலாக நிற்கும்போதே பயணச்சீட்டை எடுத்துப் புறப்படும் நேரத்தை ஒருமுறை பாருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வழியாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவு கடந்த பிறகுதான் கிளம்புகின்றன. சீட்டில் 14ஆம் திகதி அதிகாலை 2.55 என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டியது 13ஆம் திகதி இரவு. யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டியது 13ஆம் திகதி காலை. அப்படியென்றால் ஊரில் உங்களுக்குக் கடைசி முழு நாள் 12ஆம் திகதிதான். இந்தக் கணக்கை வந்திறங்கிய கிழமையிலேயே வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். "இன்னும் ரெண்டு நாள் நிப்பாய் எண்டெல்லோ நினைச்சன்" என்று கடைசி நேரத்தில் ஓர் அம்மா சொல்வதைக் கேட்பது பொல்லாத வேதனை.

அந்தக் கடைசி முழு நாளில் எந்த வேலையையும் வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, காணி உறுதி, அற்றோர்ணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), வங்கிக் கணக்கு எல்லாம் அதற்கு இரண்டு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்துக்காக அடுத்த நாள் வரச் சொல்வது சாதாரணம். போயா தினங்களில் அரச அலுவலகங்களும் வங்கிகளும் பூட்டு என்பதை வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாட்காட்டியில் முழுநிலவு எப்போது என்று பார்த்துத் திட்டம் போடுங்கள். சொந்தக்காரர் வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளப் போவதையும் முந்தியே முடியுங்கள். கடைசி நாள் வீட்டில் இருக்கும் வயது போனவர்களுக்கு உரியது. அடுத்த முறை வரும்போது அவர்கள் இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. திண்ணையில் அவர்களோடு சும்மா இருங்கள், சமைத்துத் தருவதைச் சாப்பிடுங்கள், பழைய கதைகளைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள்.

யாருக்காவது காசு கொடுப்பதாக இருந்தால் அதையும் அன்றே தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். ஏற்றிப்போக வந்த வாடகை வானின் வாசலில் நிற்கும்போது எல்லோரும் பார்க்கக் கையில் திணிப்பது வாங்குபவரைக் கூச வைக்கும், வாங்காதவரை நோக வைக்கும். விட்டுப் போகும் உடுப்புகளைத் தோய்த்து மடித்துக் கொடுங்கள்.

சரி, இனிப் பெட்டி. பெட்டி கட்டுவதில்தான் பெரும்பாடு. பெரும்பாலான விமான சேவைகள் ஒரு பெட்டியை 32 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. உங்கள் சீட்டுக்கு அனுமதி அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். தூக்கிப் பார்க்கும் சிறிய தராசு ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூளை நன்றாக ஆறிய பிறகே பையில் போட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, மூடியுள்ள டின்னுக்குள் வையுங்கள். சில நாடுகளுக்குப் போகும் விமானங்களில் தூள் வகைகளைக் கைப்பையில் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பதால் அது பெரிய பெட்டிக்குள்ளேயே போகட்டும். நல்லெண்ணெய்ப் போத்தலும் அப்படித்தான். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, ஒரு பழைய சாரத்தில் சுருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, வடகம், மோர்மிளகாய் எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தால் கெடாமல் போய்ச் சேரும். கருவாட்டை மேலும் ஒரு நாள் வெயிலில் போட்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் டின். காய்ந்த கொப்பரை வேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமானப் போக்குவரத்தில் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. பவர் பாங்க் கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

இறங்கும் நாட்டுச் சட்டமும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போகிறவர்கள் அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்தையும் தவிர வேறு பழம், காய்கறி, இலை எதையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் கறிவேப்பிலையையும் ஆசையோடு கட்டிக்கொண்டுபோய்ச் சுங்கத்தில் குப்பைத்தொட்டியில் போட நேர்ந்தால் மனம் ஆறாது. அவற்றை ஊரிலேயே ஆசை தீரச் சாப்பிடுங்கள். இறைச்சி, நெய், பால்பொருட்கள் ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஆகாது. கனடா, அவுஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் படிவத்தில் காட்டிவிட வேண்டும். காட்டினால் அதிகம் போனால் பொருளைத்தான் எடுப்பார்கள். மறைத்தால் தண்டப்பணம் கட்ட வரும்.

இலங்கைப் பக்கத்திலும் தடைகள் உண்டு. பிள்ளைகள் கசூரினாக் கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டுகளைக் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பழைய ஏட்டுச்சுவடிகளையும் தொல்பொருட்களையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பாட்டனாரின் ஏடுகள் வீட்டில் இருந்தால் பெட்டிக்குள் வைக்காமல் நூலக நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். ஏடு ஊரிலேயே இருக்கும், படத்தை நீங்கள் எங்கிருந்தும் பார்க்கலாம்.

அப்புறம், "இதை அங்க இருக்கிற என்ர மகனிட்டக் குடுத்துவிடு தம்பி" என்று வரும் பொதிகள். கட்டித் தந்ததை அப்படியே வைக்காதீர்கள். "அன்ரி, அடுக்க முதல் ஒருக்காத் திறந்து பாத்திட்டு வைக்கிறன், குறை நினையாதேங்கோ, எயாப்போட்டில கேப்பினம்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பெட்டிக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றால் எந்தத் தாய்க்கும் விளங்கும்.

வழியைப் பற்றிச் சொல்வதானால், விமான நிலையத்துக்குப் போகக் கொழும்புக்குள் நுழையத் தேவையே இல்லை. ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி போய், அங்கிருந்து அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று வந்தால் அடுத்தது கட்டுநாயக்கா. புத்தளம் வழியாகக் கொழும்பு போகும் இரவு பஸ்ஸில் ஏறினால், நடத்துநரிடம் முன்பே சொல்லி வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்கலாம். வாடகை வான் பிடித்துப் போனால் ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் போங்கள். இரவு முழுக்க ஓடி உங்களை இறக்கிவிட்டு, சாரதி அப்படியே திரும்பி ஓடுவது எங்கள் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டது. வீதியில் மாடு படுத்திருக்கும், வவுனியாவுக்குத் தெற்கே சில இடங்களில் யானையும் கடக்கும். இதையெல்லாம் நித்திரை முழித்த ஒருவர் சமாளிக்க வேண்டியிருக்கிறது. காலையில் வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஆறுதலாகப் போனால் பொழுதுபடுவதற்குள் நீர்கொழும்பு. அங்கே ஓர் அறை எடுத்துக் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாம். சாரதிக்கும் சாப்பாடும் படுக்க இடமும் பேசி வையுங்கள். வாடகையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

விமான நிலையத்தில் குறைந்தது மூன்று மணித்தியாலத்துக்கு முன்பாவது இருங்கள். வழியனுப்ப வருபவர்களோடு வெளியிலேயே பேசி முடித்துவிடுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் எந்தக் கடவுச்சீட்டில் நாட்டுக்குள் வந்தார்களோ அதையே காட்ட வேண்டும். மிஞ்சிய ரூபாயை அங்கேயே மாற்றுங்கள், வெளிநாட்டில் மாற்றுவது கடினம்.

வீடு திரும்பி முதல் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் பயணக் களைப்பு என்று விடாமல் வைத்தியரிடம் போய், இலங்கையிலிருந்து வந்ததை முதலில் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு கடித்துப் பெரும்பாலும் நாலு முதல் பத்து நாளில்தான் காட்டும். வைத்தியர் பார்க்கும்வரை பரசிற்றமோல் மட்டும் போடலாம். அஸ்பிரினும் ஐபுபுரொபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.