மின்கம்பத்தில் கேபிள் கட்டும்முன்: அமெரிக்க விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஃபைபர் திட்டங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்கள் இன்று நிறையப் பேர். கம்பங்களைக் கணக்கெடுப்பது, வரைபடம் போடுவது, சுமையைக் கணக்கிடுவது என்று நாள் முழுக்க மின்கம்பத்தோடுதான் பொழுது போகிறது. ஆனால், இந்தக் கம்பம் யாருடையது என்ற கேள்வியைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கம்பங்களில் கேபிள் கட்டுவது பற்றிய அமெரிக்க மத்தியச் சட்டம் 1978இல் வந்தது. கேட்கும் நிறுவனத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1996இல் சேர்ந்தது. இதை நடைமுறைப்படுத்துவது எஃப்சிசி என்ற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். அதனால் எல்லாக் கம்பங்களுக்கும் எஃப்சிசி விதிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு, கூட்டுறவுச் சங்கம், ரயில்வே ஆகியவற்றின் கம்பங்களை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தனியார் கம்பங்களிலும், இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அந்த அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டிருக்கின்றன. நெப்ராஸ்காவில் வீடுகளுக்கு மின்சாரம் தருவதெல்லாம் மக்களுக்குச் சொந்தமான அமைப்புகள்தான். அங்கே ஒரு மின்வாரியக் கம்பத்துக்கு இடம் கொடுக்க எஃப்சிசி வைத்திருக்கும் காலக்கெடுவைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினால், அது வீண் கடிதம். கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் பொதுத்துறைக் கம்பங்களுக்கென்றே தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. அந்தந்த மாநிலச் சட்டத்தையும் கம்ப உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும், வேறு வழியில்லை.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் இதை அனுபவித்தே கற்றுக்கொண்டது. புதிய நிறுவனத்தின் ஆட்களே பழைய கேபிள்களையும் ஒரே தடவையில் நகர்த்திக்கொள்ளலாம் என்று 2016இல் நகர மன்றம் ஓர் உள்ளூர்ச் சட்டமே போட்டது. 2017இல் மத்திய நீதிமன்றம் அதை இரண்டு காரணங்களால் தடுத்தது. தொலைபேசி நிறுவனத்தின் கம்பங்களைப் பொறுத்தவரை அது மத்தியச் சட்டத்தோடு மோதியது. நகரத்தின் சொந்த மின் நிறுவனக் கம்பங்களைப் பொறுத்தவரை நகர சாசனமே மன்றத்துக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ஒரே தெருவில் நிற்கும் கம்பங்கள்தான், ஆனால் சட்டம் வேறு வேறு. ஏறக்குறைய அதே ஏற்பாட்டை எஃப்சிசி 2018இல் தன் விதிகளில் சேர்த்தது, ஆனால் எளிய வேலைகளுக்கு மட்டும்.

சட்டம் மாறினாலும் பாதுகாப்புக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. கம்பத்தின் உச்சியில் மின்கம்பிகள், கீழே தகவல் தொடர்பு கேபிள்கள், நடுவில் ஓர் இடைவெளி. தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி அந்த இடைவெளி பொதுவாக 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். புகைப்படத்தில் அது காலி இடமாகத் தெரியும். அங்கே கேபிளைக் கட்டச் சொல்லி விண்ணப்பம் போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. கேபிள் வேலைக்காரருக்கு உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யும் பயிற்சி கிடையாது. அவர் ஏறி நின்று கையை உயர்த்தினாலும் மின்கம்பியைத் தொடாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. சில அங்குலம் தானே என்று யாராவது பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பத்தில் இடைவெளியை அளந்துவிட்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே அளக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. மின்சாரம் அதிகம் ஓடும் கோடை நாளில் கம்பி சூடாகி நீளும், தொங்கும். நடுவிலும் வழக்கமாக 30 அங்குலமாவது இருக்க வேண்டும். குளிர்ந்த காலையில் எடுத்த அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அப்புறம் சுமை. ஃபைபர் கேபிள் மெல்லியது, எடையில்லாதது, கம்பத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். கேபிளின் எடையை விட அதன் மேல் மோதும் காற்றும், பனிப் பகுதிகளில் அதைச் சுற்றி உறையும் பனிக்கட்டியும்தான் கம்பத்தை வளைக்கின்றன. விதித்தொகுப்பு கடுமையான பகுதிகளுக்கு, கேபிளைச் சுற்றி அரை அங்குலப் பனி படிந்ததாகவே கணக்குப் போடச் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் கேபிளோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாலும் சுமை கூடத்தான் செய்யும்.

2007 அக்டோபரில் கலிபோர்னியாவின் மாலிபு கணவாயில் பலத்த காற்றில் மூன்று கம்பங்கள் முறிந்து விழுந்தன. அதில் பிடித்த தீ 3,800 ஏக்கருக்கு மேல் எரித்தது. அவற்றில் மின்கம்பிகளோடு பல தொலைபேசி நிறுவனங்களின் கேபிள்களும் இருந்தன, சுமைதான் விசாரணையின் மையமாக இருந்தது. மின் நிறுவனமான தெற்குக் கலிபோர்னியா எடிசன் 2013இல் 3.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தகவல் தொடர்பு நிறுவனங்களும் தனித்தனியே பணம் கட்டின. சுமைக் கணக்கு ஃபைலுக்காகப் போடும் காகிதம் என்று யாராவது சொன்னால், இந்த வழக்கைக் காட்டுங்கள்.

பணத்துக்கு வருவோம். புதிய கேபிளுக்கு இடம் செய்யும் வேலையை அங்கே மேக் ரெடி என்பார்கள். அந்தச் செலவு புதியவருடையது, சரி. ஆனால் பழைய நிறுவனம் முன்பே விதியை மீறிக் கட்டியிருந்தால், அதைத் திருத்தும் செலவைப் புதியவர் தலையில் போடக் கூடாது என்று எஃப்சிசி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் வேலைக்கு முன்பே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆண்டு வாடகையில் கம்பத்தின் விலையை அப்படியே எடுத்துக்கொள்வது பொதுவான பிழை. எஃப்சிசி கணக்கில் சராசரிக் கம்பம் 37.5 அடி, அதில் பயன்படுத்தத்தக்க இடம் 13.5 அடி, கேபிளுக்கு 1 அடி. எனவே பயன்படுத்தத்தக்க இடத்தில் கேபிளின் பங்கு 7.4 சதவீதம். தேய்மானம் கழித்த விலைதான் சேரும். கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்காக மின் நிறுவனக் கம்பத்தில் 15 சதவீதத்தையும் கழிக்க வேண்டும். பொதுத்துறை உரிமையாளர்களை இந்தச் சூத்திரம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தங்கள் வாடகை எப்படி வந்தது என்று காட்ட ஒரு கணக்கு அவர்களிடம் இல்லாவிட்டால், நீதிமன்றத்தில் திண்டாட்டம்தான்.

ஒப்பந்தம் எழுதும்போது எல்லாரும் மறப்பது கம்பம் மாற்றும் நாளை. மின் நிறுவனம் புதுக் கம்பம் நட்டு, தன் கம்பிகளை மாற்றிவிட்டுப் போய்விடும். கேபிள்காரர் வர மாட்டார். பழைய கம்பம் பாதி வெட்டிய நிலையில் புதுக் கம்பத்தோடு கட்டுண்டு வருடக்கணக்கில் நடைபாதையை மறித்து நிற்கும். மாசசூசெட்ஸ் 90 நாள் கெடு வைத்துச் சட்டமே போட்டிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் கேபிளை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் யார் செலவில் யார் மாற்றலாம் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.