பெங்களூரில் அரசு உயர்நிலைப் பள்ளி: பிள்ளையைச் சேர்க்குமுன் கேட்க வேண்டியவை

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மே மாதம் பிறந்தால் அல்சூரில் எங்கள் தெருவில் யாராவது வழிமறித்து, "சார், அந்தப் பெரிய அரசுப் பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்பார்கள். தனியார் பள்ளிக்குத் தட்டி வைக்கவும் துண்டுப் பிரசுரம் அடிக்கவும் ஆள் இருக்கிறது. அரசுப் பள்ளி தருவதெல்லாம் சுற்றறிக்கைகளுக்குள் கிடக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்டால்தான் வெளியே வரும். ஜூன் மாதக் கூட்டத்தில் அவருக்குப் பேச நேரம் இருக்காது. எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

முதலில் வகுப்புக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு மாறிப் பழகியவர்கள் இங்கே குழம்புகிறார்கள். கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்றால் 8, 9, 10 வகுப்புகள். அதற்குமேல் இரண்டு ஆண்டு பி.யு., அதாவது நம் 11, 12ஆம் வகுப்புகள். பல பெரிய பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் பி.யு. கல்லூரியும் இருக்கும். கர்நாடகா பப்ளிக் ஸ்கூல் என்ற பெயர்ப் பலகை இருந்தால் மழலையர் வகுப்பு முதல் பி.யு. வரை ஒரே வாசல்தான். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் இடம் தேடி அலையும் வேலை மிச்சம்.

பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைத்து, எட்டாம் வகுப்புக்கு இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று சில குடும்பங்கள் திட்டம் போடுகின்றன. அவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் வருவது ஏழாண்டு விதியின்கீழ்தான்: ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் பி.யு.வுக்கும் இடையில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யு.வையோ இங்கே தேறியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் வந்தால் சரியாக ஏழு. எட்டில் வந்தால் ஐந்துதான். வேறு சில பிரிவுகளும் உண்டு, அவற்றுக்குத் தனித்தனி நிபந்தனைகள். "அது கல்லூரிக்கு அல்லவா சார், இப்போது எதற்கு?" என்பார்கள். இப்போது எண்ணாவிட்டால் அப்போது எண்ணி என்ன பயன்?

இனி மொழி. சேர்க்கைப் படிவத்தில் முதல் மொழி, இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி என்று கேட்பார்கள். பெற்றோர் அவசரத்தில் "எது வேண்டுமானாலும் போடுங்கள்" என்று பேனாவை எழுத்தரிடமே நீட்டிவிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண். கணிதம், அறிவியல், சமூக அறிவியலுக்குத் தலா 100. ஆக, எழுத்தர் கைக்குப் போகவே கூடாத இடம் அது.

தமிழை முதல் மொழியாக எடுத்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வழி இருக்கிறது. ஆனால் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பள்ளிகள் நகரத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. தமிழ் உண்டு என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆசிரியர் நிரந்தரமா, போன ஆண்டு பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தமிழில் தேர்வு எழுதினார்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் தயங்காமல் தமிழ் போடுங்கள். மழுப்பலாக வந்தால் கன்னடத்தை முதல் மொழியாக வைத்துவிட்டு, தமிழை வீட்டில் வளர்ப்பது நல்லது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கவே இருக்கிறது. இது மொழிப்பற்றைக் குறைத்துச் சொல்வதல்ல. ஆசிரியர் இல்லாத பாடத்தில் பிள்ளையைத் தேர்வு எழுதவைப்பதை எந்தப் பற்றிலும் சேர்க்க முடியாது. எப்படியும் கன்னடம் படிக்காமல் இங்கே பள்ளியைக் கடக்க முடியாது. எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் கற்பிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளையின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே தமிழும் ஆங்கிலமும் போதும். இங்கே கன்னடம் புதிது. பெரும்பாலான பள்ளிகளில் மூன்றாம் மொழி இந்தி, அதுவும் புதிது. ஒரே ஆண்டில் இரண்டு எழுத்து முறைகள். தமிழில் மெய்யெழுத்து 18, கன்னடத்தில் 34. நமக்கு ஒரே "க" இருக்கும் இடத்தில் அங்கே நான்கு. எழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்தக்ஷரம் வேறு. தெருவில் கன்னடம் சரளமாகப் பேசும் அல்சூர்ப் பிள்ளைகளே சொல்வதெழுதுதலில் அதில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். எனவே சேர்க்கை உறுதியானதும், பள்ளி திறக்கும்வரை காத்திருக்காமல், கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் இணையதளத்திலிருந்து 1, 2, 3ஆம் வகுப்புக் கன்னடப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. கோடை விடுமுறையில் தினமும் ஒரு பக்கம் எழுதவையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட வெட்கப்படும். பக்கத்தில் அமர்ந்து நீங்களும் எழுதுங்கள்.

ஆங்கில வழியா, கன்னட வழியா என்பது அடுத்த கேள்வி. பெரிய பள்ளிகளில் இரண்டு பிரிவும் இருக்கும். ஏழாம் வகுப்புவரை படித்த வழியை மாற்றாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒன்றிலிருந்து பத்துவரை கன்னட வழியில் படித்தவர்களுக்குச் சி.இ.டி.யில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து கன்னட வழியில் படித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு முடிந்ததும் ஆங்கில வழிக்குத் தாவினால் அந்த உரிமை போய்விடும்.

இலவசங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் பத்தாம் வகுப்புவரை. பால் 2013 முதல் கொடுக்கிறார்கள். முட்டையும் உண்டு, சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. பெண் பிள்ளைகளுக்குச் சக்தி திட்டத்தில் சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் டிக்கெட் கட்டணம் இல்லை. பையன்களுக்கு மாணவர் பாஸ் எடுக்க வேண்டும். நன்கொடை என்று யாராவது கையை நீட்டினால் ரசீது கேளுங்கள். பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்று 2022இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பலர் கேட்கத் தவறுவது என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு மட்டும்தான். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிப் பிள்ளை எழுதவே முடியாது. எந்த ஆசிரியர் இதற்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். பெயர் சொல்லிக் காட்டும் பள்ளி என்றால் நல்ல பள்ளி.

பள்ளியைப் பார்க்கப் போவது சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும். தலைமை ஆசிரியர் அறையில் எல்லாப் பள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரிசை எப்படி நகர்கிறது, ஆசிரியர் யாராவது உடன் நிற்கிறாரா, தட்டுக் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாய்மார் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்; பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். அறிவியல் ஆய்வகத்தின் பூட்டில் துரு ஏறியிருந்தால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியரா, ஆண்டுக்கு ஆண்டு மாறும் அதிதி ஆசிரியரா என்பதை எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒளிக்காமல் சொல்வார்கள். தேர்ச்சி விழுக்காட்டைவிடத் தோற்றவர்களை என்ன செய்தார்கள் என்பது முக்கியம். எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஓர் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு வாய்ப்புகள் உண்டு. முதலில் தவறிய பிள்ளைகளை அழைத்து மறுபடியும் எழுதவைத்த பள்ளியா என்று விசாரியுங்கள்.

சான்றிதழ்கள். வெளிமாநில மாற்றுச் சான்றிதழில் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள். பிறகு ஒரு கையெழுத்துக்காகச் சேலத்துக்கோ வேலூருக்கோ பஸ் ஏற வேண்டாம். எட்டாம் வகுப்புவரை மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். கவுண்டரில் முரண்டு பிடித்தால் வட்டாரக் கல்வி அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இடஒதுக்கீட்டுக்கு உதவாது. இங்கேயே தலைமுறையாக இருப்பவர்கள் நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் சாதி, வருமானச் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள ஆர்.டி. எண்ணைத் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உதவித்தொகைக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

சேர்ந்த அன்றே செய்ய வேண்டியது பெயரைச் சரிபார்ப்பது. பிள்ளையின் விவரங்கள் சாட்ஸ் என்ற கணினிப் பதிவில் ஏறும்; பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலுக்குப் போவதும் அந்தப் பெயர்தான். இன்றைய கன்னட எழுத்தில் "ழ" கிடையாது. யாழினி யாளினி ஆவாள். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி ஒன்றுவிடாமல் இருக்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, புள்ளி உண்டா இல்லையா என்பதையும் பாருங்கள். எழுத்தரிடம் ஓர் அச்சுப் பிரதி கேட்டு வாங்குங்கள். முகம் சுளிப்பார், கொடுத்துவிடுவார். பிழை இருந்தால் அந்த வாரமே எழுதிக் கொடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் அனுப்பிய பிறகு திருத்துவதற்கு வாரியம்வரை நடக்க வேண்டியிருக்கும்.