பழைய வீட்டு வயரிங் வேலைக்கு எலக்ட்ரீஷியன் பிடிப்பது: போன் போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. அன்றைக்கு நாலு டியூப் லைட், மூணு ஃபேன், ஒரு கிரைண்டர். இன்றைக்கு ஏசி, ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர். வயர் மட்டும் அதே பழைய வயர். உங்கள் வீடும் இப்படி என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மதுரையில் எங்கள் வீட்டு வேலையை முழுசாக முடித்த கையோடு எழுதுகிறேன். சுவிட்ச் மாற்றுவது, ஃபேன் மாட்டுவது போன்ற சின்ன வேலைகளுக்குள் போகவில்லை. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்சிசிபி பற்றி மட்டும் நிறைய எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பழைய வீடுகளில் வேலை போய் முட்டி நிற்கிற இடம் அதுதான்.

படி 1: கோளாறை எழுதி வையுங்கள்

"கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் வருகிறவர் ஒவ்வொரு போர்டாகக் கழற்றிப் பார்த்தே அரை நாளைக் கழிப்பார். எப்போது, எதைப் போட்டால், என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஹீட்டர் போட்டதும் ஹால் பல்பு மங்குகிறது. மழை நாளில் மட்டும் பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது. மாடி ரூம் சுவிட்சில் சரசரவென்று சத்தம் வருகிறது. இப்படி எழுதினாலே நல்ல எலக்ட்ரீஷியனுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற டிபி பாக்ஸை போட்டோ எடுங்கள். அதில் இருக்கிற எம்சிபிகளை (ஓவர்லோடு ஆனால் தானே விழுகிற சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கி, எது எந்த ரூமுக்குப் போகிறது என்று குறித்து வையுங்கள்.

ஒன்றை முதலில் பிரித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் அதே பிரச்சினை என்றால் அது கம்பத்துக் கோளாறு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் போடுங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு பக்கம் பல்பு கண்கூசுகிற மாதிரி எரிந்து, இன்னொரு பக்கம் மங்கினால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். யோசிக்காமல் உடனே மெயினை இறக்குங்கள். மீட்டர், அதன் சீல், மீட்டருக்கு முன்னால் இருக்கிற சர்வீஸ் வயர் எல்லாம் மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே உங்கள் எலக்ட்ரீஷியன் கை வைக்கக் கூடாது.

படி 2: யாரைக் கூப்பிடலாம்?

மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் இதில் ஒரு கோடு கிழித்திருக்கின்றன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் இவற்றைக் கழற்றிவிட்டு அதே மாதிரி வேறொன்று மாட்டுவதற்கு உரிமம் கட்டாயமில்லை. புது லைன் இழுப்பது, உள்ளதை மாற்றி அமைப்பது என்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒயர்மேன், சூப்பர்வைசர் சான்றிதழ்களும் ஒப்பந்ததாரர் உரிமமும் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

நடைமுறையில், தெருவில் எல்லாருக்கும் பழக்கமான எலக்ட்ரீஷியன் பலர் சின்ன வயதில் ஹெல்பராகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். அவர்களில் கைத்திறமை உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. ஃபேன், சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் வேலைக்கு அவர்களைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். டிபி மாற்றுவது, எர்த் போடுவது, ஏசிக்குத் தனி லைன் இழுப்பது, லோடு கூட்டுவது என்றால் சான்றிதழ் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "அண்ணே, லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். இருப்பவர் சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார்.

போனிலேயே இன்னொன்றையும் கேளுங்கள்: "மெகர் இருக்கா?" சுவருக்குள் ஓடுகிற வயரின் இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று சொல்கிற கருவி அது. 500 வோல்ட்டில் சோதித்து 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை நம்ப முடியாது. வெறும் டெஸ்டரை வைத்துக்கொண்டு பழைய வீட்டைச் சோதிக்க முடியாது. டெஸ்டர் ஃபேஸ் (கரண்ட் வருகிற வயர்) இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நியூட்ரல் நன்றாக இருக்கிறதா, எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சொல்லாது. மெகர், வோல்ட் பார்க்கிற மல்டிமீட்டர், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் இந்த மூன்றும் இல்லாத ஆளை நான் இந்த வேலைக்குக் கூப்பிட மாட்டேன்.

படி 3: கூலியும் சாமானும்

புது வீட்டுக்குப் பாயிண்ட் கணக்கு (ஒரு லைட், ஒரு பிளக்குக்கு இவ்வளவு என்று) அல்லது சதுர அடிக் கணக்கு பேசலாம். பழைய வீட்டுப் பழுதுக்கு நாள் சம்பளம்தான் சரி, ஏனென்றால் சுவரைத் திறந்து பார்க்கும் வரை வேலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சுவரில் காடி வெட்டுவது யார், பிறகு பூசுவது யார் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் அதில்தான்.

சாமானை நீங்களே பில் போட்டு வாங்குங்கள், ஆனால் அவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். வயர் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியனுக்கான கூப்பன் இருந்தால் அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டியது. வயரின் மேலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். முத்திரையோடு இருக்கிற சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

அளவு: லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 4. பச்சை வயர் எர்த்துக்கு மட்டும். மீந்து கிடக்கிறதே என்று பச்சையை ஃபேஸுக்கு இழுக்க விடாதீர்கள். அடுத்து வருகிறவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 மாட்டுகிற பழக்கத்தையும் அனுமதிக்காதீர்கள். எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். 1.5 வயருக்கு 32 போட்டால், வயர் உருகிய பிறகும் எம்சிபி பேசாமல் நிற்கும்.

படி 4: எர்த்

எந்தப் புது வேலைக்கும் முன்னால் இதைப் பாருங்கள். பவர் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் எர்த் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, லோடு ஓடும்போது, ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு.

வீட்டில் நல்ல லோடு ஓடுகிறது, ஆனாலும் அந்த மூன்றாவது அளவு சுத்தமாகப் பூஜ்யம் என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நியூட்ரல் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுச் சேர்த்திருக்கலாம். எர்த் வயர் இல்லாத பழைய வீடுகளில் செய்கிற மிக ஆபத்தான வேலை இது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் எர்த் குழியில் குழாய் நன்றாகவே இருந்தது. குழாயையும் வயரையும் சேர்க்கிற நட்டு துரு தின்று தூளாகி, வயர் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அந்த நட்டையும் ஒருமுறை பாருங்கள். புதுசாகக் குழாய் எர்த் போடுவதானால் குழாய் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது.

படி 5: ஆர்சிசிபி, மாடிப்படி லைட்

உயிரைக் காப்பாற்றுகிற கருவி எது என்று கேட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பேன். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குக் கொஞ்சம் போனாலும் கணக்கு உதைக்கும், உடனே விழுந்துவிடும். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. ஓவர்லோடையும் அது பார்க்காது, அதற்கு எம்சிபி வேண்டும்.

கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று மாட்டினோம். எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் மாடிப்படி லைட்டைப் போட்டதும் விழுந்தது. தூக்கிவிட்டோம், மறுபடியும் விழுந்தது. கூட இருந்த தம்பி சொன்னார்: "பீஸ் சரியில்லை போல சார். கழட்டிட்டு டைரக்டா கொடுத்துரவா?"

பல வீடுகளில் ஆர்சிசிபி கழன்று போவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் பீஸில் கோளாறு இருக்காது. வயரிங்கில் இருக்கும்.

மாடிப்படி லைட்டுக்குக் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் போட்டு அணைக்கிற டூவே சுவிட்ச். அந்தக் காலத்தில் வயர் மிச்சம் பிடிக்க ஃபேஸைக் கீழ்ப் போர்டிலிருந்தும், நியூட்ரலை மாடிப் போர்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். பழைய ஃபியூஸ் காலத்தில் இதனால் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது கீழ் ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் திரும்பி வருவதே இல்லை. மாடி ஆர்சிசிபிக்கோ, போகாத கரண்ட் திரும்பி வருகிறது. 9 வாட் பல்பே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதுவே போதும்.

கண்டுபிடிக்கிற வழி இது. மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டைப் பிரித்துவிடுங்கள். மெயினை இறக்கினாலும் பேட்டரியிலிருந்து வீட்டு வயருக்கு 230 வோல்ட் வரும் என்பதை மறந்து அடிபட்டவர்கள் உண்டு. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, டிபியில் நியூட்ரல்கள் சேர்கிற நியூட்ரல் லிங்கிலிருந்து எல்லா நியூட்ரல் வயரையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பிறகு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இரண்டிரண்டாகத் தொடச் சொல்லுங்கள். வேறு வேறு லைனின் நியூட்ரல்களுக்கு நடுவே பீப் சத்தம் வந்தால் அவை எங்கேயோ சுவருக்குள் சேர்ந்திருக்கின்றன. அதோடு ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, அந்த லைனின் சுவிட்சுகளையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்ஈடி பல்புகளின் டிரைவருக்குச் சேதம் வரலாம்.

மாடிப்படி லைட்டுக்கு மாடியிலிருந்து வந்த நியூட்ரலை விலக்கிவிட்டு, கீழ்ப் போர்டிலிருந்து ஒரு நியூட்ரல் இழுத்தோம். பிரச்சினை தீர்ந்தது. இதே கலப்பு இன்வெர்ட்டர் லைனுக்கும் சாதா லைனுக்கும் நடுவே இன்னும் அதிகமாக இருக்கும், ஏனென்றால் இன்வெர்ட்டர் மாட்டுகிறவர் ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைத் தொடாமல் போய்விடுவார்.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன்

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஏசி, ஹீட்டர் இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை இறக்கிய பிறகு டிபியின் இணைப்புகளை அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்க்ரூ மட்டும் சுட்டால் அது சரியாக முறுக்கப்படவில்லை. எந்த எம்சிபி எதற்கு என்று மூடியின் உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், அம்மாவும் படிக்க வேண்டுமே.

பிற்சேர்க்கை

கேள்விகள் வந்ததால் சேர்க்கிறேன். ஒருவருக்குக் கடையில் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைக் கொடுத்து "இது டிரிப் ஆகாது, தொல்லை இல்லை" என்றிருக்கிறார்கள். அது ஆளைக் காப்பாற்றுவதற்கானது அல்ல. மாற்றி 30 வாங்குங்கள். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி உள்ள வீட்டுக்கு ஏ டைப் ஆர்சிசிபி (எலக்ட்ரானிக் சாதனங்களின் கசிவையும் கண்டுபிடிக்கிற ரகம்) கேளுங்கள், விலை கூடினாலும் என் தேர்வு அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். மொட்டை மாடி லைட், கேட் லைட், வெளிச்சுவர்ப் பிளக், போர் மோட்டார் வயர் ஜாயிண்ட் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டேப் சுற்றிய ஜாயிண்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். எம்சிபியை இறக்கினால் மட்டும் அது நிற்காது. ஒற்றை போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டபடியே இருக்கும். வெளி லைன்களுக்கு, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கிற டபுள் போல் எம்சிபி போட்டுவிட்டால், மழை பிடித்ததும் அதை மட்டும் இறக்கிவிட்டு வீட்டுக்குள் கரண்டோடு இருக்கலாம். ஈரம் காய்ந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஜாயிண்டை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் புகாத ஜங்ஷன் பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள்.