தோட்டத்து வீட்டுக்கு நெட் வந்த கதை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்து வீடு. சுற்றிலும் தென்னை. மொபைல் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். முதலில் டவரிலிருந்து டிஷ் வழியாக வரும் இணைப்பைப் போட்டேன். டிஷ்ஷுக்கும் டவருக்கும் நடுவே மட்டைகள் ஆடியதால் காற்றடித்தாலே அறுந்துவிடும். மரத்தை வெட்டவா முடியும்?

அப்புறம்தான் விளம்பரத்தை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ராத்திரி எட்டு மணிக்கு வேகம் எப்படி, ஒயர் அறுந்தால் யார் வருவார்கள், கரண்ட் போனால் அவர்கள் பக்கத்தில் பேட்டரி உண்டா: இந்த மூன்றுதான் கேட்டேன். 300 எம்பிபிஎஸ் பிளானைவிட, கூப்பிட்டால் பைக்கில் வந்து நிற்கும் உள்ளூர் கேபிள்காரர் மேல் என்று பட்டது. அவரிடமே 50 எம்பிபிஎஸ் ஃபைபர் வாங்கினேன்.

அதுவும் முதல் வாரம் சொதப்பியது. மோடத்தில் அடிக்கடி சிவப்பு விளக்கு. கேபிள்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார், ஃபைபர் வழியாக வரும் ஒளி அளவு மைனஸ் 29 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு). மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறுமாம். வேலியோரம் ஃபைபர் மடங்கிக் கிடந்தது. அந்தத் துண்டை மாற்றி ஒட்டியதும் மைனஸ் 21. சிவப்பு விளக்கு அதோடு போனது.

மின்வெட்டுக்கு மோடத்துடன் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று. மோடம் அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் முதலில் 9 வோல்ட் வாங்கிவந்து திருப்பிக் கொடுத்தேன்.