கடா உதடு சுழித்தபின் என்ன செய்கிறது? எருமையின் சினைப்பருவத்தை அறியும் முறை

நீலகிரியில் ஓரிரு எருமைகளை மட்டும் வைத்திருப்போர் பலரும், அவை பருவத்துக்கு வந்ததே தெரியாமல் ஒரு சுற்றைத் தவறவிட்டிருப்பர். பசு பருவத்துக்கு வந்தால் கத்தும், பிற மாடுகளின்மேல் தாவும், கண்ணாடி போன்ற வழும்பு அதன் பின்புறம் தொங்கும். எருமையோ பெரும்பாலும் அமைதியாகவே இருந்துவிடும். வழும்பும் குறைவாகவே வந்து, படுத்திருக்கும்போது தரையில் சிறிது சிந்துவதோடு சரி. இதனை ஊமைப் பருவம் என்பர். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளைப் போல, ஆண் எருமையான கடாவும் மந்தையோடு சேர்ந்தே மேயும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. கொட்டிலில் கட்டி வளர்ப்பவருக்குத்தான் கடாவின் மூக்கைக் கடன் வாங்கும் வித்தை தேவைப்படுகிறது.

பருவம் நெருங்குகையில் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனின் அளவு உயர்வதோடு, சிறுநீரில் வெளியேறும் வேதிப்பொருள்களின் கலவையும் மாறுகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எருமையின் சிறுநீரைப் பல கட்டங்களில் ஒப்பிட்டு, 4-மெத்தில்பீனால் உள்ளிட்ட சில சேர்மங்களைப் பருவகாலத்துக்கு உரியவையாக அடையாளம் கண்டுள்ளனர். கடா அச்சிறுநீரை முகர்ந்து, வாயிலும் ஏற்று, தலையை உயர்த்தி மேலுதட்டைச் சுழித்து நிற்கும். மாட்டினத்துக்கு மேல்வரிசை முன்பற்கள் இல்லை. அவ்விடத்திலுள்ள தடித்த ஈறுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்கும் சிறு துளைகளின் வழியே அந்த ஈரம், இத்தகைய வேதிக் குறிப்புகளை உணரும் யாக்கப்சன் உறுப்பைச் சென்றடைகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கப்சன் 1813இல் வீட்டு விலங்குகளின் மூக்கை ஆராய்ந்து விவரித்த உறுப்பு இது. முதுமலைக் காட்டு யானைக்கும் இவ்வுறுப்பு உண்டு. உதட்டைச் சுழிப்பதற்குப் பதிலாக, ஆண் யானை துதிக்கை நுனியால் சிறுநீரைத் தொட்டு அண்ணத்தில் வைத்துக்கொள்ளும். பருவத்திலிருக்கும் ஆசியப் பெண் யானையின் சிறுநீரில் 1996இல் கண்டறியப்பட்ட சேர்மம், நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் இணையை அழைக்கப் பயன்படுத்தும் அதே சேர்மம் என்பது இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

இனிச் செயல்முறைக்கு வருவோம். கடா உதட்டைச் சுழித்துவிட்டது என்பதற்காகவே சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, சொல்லியனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அவ்வாறு செய்து ஊசியையும் வீணாக்கி, எருமையையும் அலைக்கழித்தேன். பருவத்தில் இல்லாத எருமையின் சிறுநீரைக்கூடக் கடா உதட்டைச் சுழித்துச் சோதிக்கும். பருவத்துக்கு முந்தைய நாள்களில் இச்சோதனை மிகுதியாகும். எனவே சுழித்தபின் அது விலகிப் போகிறதா, அன்றி எருமையின் பின்னாலேயே நின்று, முதுகில் மோவாயை அழுத்தித் தாவ முயல்கிறதா என்பதையே கவனிக்க வேண்டும். தாவும்போது எருமை நகராமல் நின்றால் அதுவே உறுதியான அடையாளம்.

எருமையின் பருவக் குறிகள் இரவிலும் விடியலிலும் கூடுதலாக வெளிப்படும் ஆதலால், காலைக் கறவைக்கு முன்னும் இரவு உறங்கப் போகுமுன்னும் பத்து நிமிடமேனும் கடாவை மூக்கணாங்கயிற்றோடு பிடித்து எருமையின் அருகே கொண்டு செல்லுங்கள். பழைய சிறுநீரின் வாடை குழப்பாதிருக்கக் கொட்டில் தரையை முன்னதாகக் கழுவிவிடுங்கள். கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் வெளியில் விழும் சிறுநீரை மழை கழுவிக்கொண்டு போய்விடுவதால், கூரைக்கடியில் சோதிப்பதே நல்லது. எருமை சிறிது சிறிதாக அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், பால் திடீரெனக் குறைவதும், பிறப்புறுப்பு வீங்குவதும் துணைச் சான்றுகள். காயடித்த கடாவை இதற்கு நம்ப முடியாது. விந்துக்குழாயை மட்டும் கால்நடை மருத்துவரைக் கொண்டு துண்டித்த கடாவே ஏற்றது.

ஒரே கடாவை வீடு வீடாகக் கொண்டு செல்வோர், அதற்குக் கருச்சிதைவு நோயான புருசெல்லா இல்லை என்பதை முதலில் பரிசோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும். ஆகவே கையில் கீறல் இருந்தால் கையுறையின்றிக் கொட்டிலில் இறங்காதீர்கள்.

காலையில் பருவம் உறுதியானால் அன்று மாலையும், மாலையில் உறுதியானால் மறுநாள் காலையும் ஊசி போடுவது வழக்கம். ஊசி போட்ட தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து 18 முதல் 24 நாள்களுக்குள் கடாவை மீண்டும் காட்டுங்கள். அது முகர்ந்து, உதட்டைச் சுழித்து, மறுபடியும் பின்தொடர்ந்தால் சினை பிடிக்கவில்லை. கண்டுகொள்ளாமல் தீவனத்துக்குத் திரும்பினாலும், இரண்டு மாதம் கழித்து மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லும் வரை சினை என்று கணக்கில் எழுத வேண்டாம்.