கோலாலம்பூரிலிருந்து விம்பிள்டன் பார்ப்பது எப்படி?

விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடைபெறும் நாள்களில் மலேசிய நேரம் லண்டனைவிட ஏழு மணி நேரம் முன்னே இருக்கும். அங்கு முற்பகல் மணி 11க்குத் தொடங்கும் வெளித்தள ஆட்டங்கள் (பெரிய அரங்குகளுக்கு வெளியே உள்ள சிறிய ஆடுதளங்களில் நடப்பவை) நமக்கு மாலை மணி 6க்கும், மைய அரங்கின் முதல் ஆட்டம் இரவு மணி 8.30க்கும் வருவதால், வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கு முதல் வாரம் மிகவும் வசதியானது.

ஒளிபரப்பு உரிமை அவ்வப்போது கைமாறும். ஆகவே சென்ற ஆண்டு பார்த்த அலைவரிசையை நம்பியிராமல், முன்கூட்டியே ஆஸ்ட்ரோ நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து, உங்கள் சந்தாவில் அந்த விளையாட்டுத் தொகுப்பு உள்ளதா என்பதை உறுதி செய்யுங்கள். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையின் பெரிய திரை கைகொடுக்கும் என எண்ண வேண்டாம். அன்றிரவு கால்பந்து இருந்தால் டென்னிஸுக்கு அங்கே இடமில்லை.

இறுதியாட்டத்துக்குத்தான் தனித் திட்டம் வேண்டும். 2025 முதல் ஒற்றையர் இறுதியாட்டங்கள் லண்டனில் மாலை மணி 4க்கு, அதாவது இங்கே இரவு மணி 11க்குத் தொடங்குகின்றன. அவ்வாண்டு இகா ஷ்வியான்டெக், அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என 57 நிமிடங்களில் வென்றதால் மகளிர் ஆட்டம் நள்ளிரவிலேயே முடிந்தது. மறுநாள் யானிக் சின்னர் கார்லோஸ் அல்கராஸை வீழ்த்த நான்கு செட்டுகள் தேவைப்பட்டன. 2019இல் ஜோகோவிச்சும் ஃபெடரரும் 4 மணி 57 நிமிடம் ஆடினர் என்பதையும் கணக்கில் கொண்டு, திங்கட்கிழமை வேலைக்குச் செல்வோர், அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்தே பதிவு செய்து வைப்பது நல்லது. பதிவைப் பார்த்து முடிக்கும்வரை குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள்.